மீல் மேக்கரும் மெனோபாஸும்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக் கவுண்டரில் சில பொருட்களைக் கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடும். ஆணுறை, கர்ப்பப் பரிசோதனை அட்டை, மூலத்துக்கான களிம்பு. கொஞ்ச காலமாக அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஆண்கள் யாராவது நின்றால், பெண்கள் அவர்கள் போகும்வரை சோப்பு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு என் பக்கம் குனிந்து கேட்கிறார்கள்: "தூரம் நின்னவங்களுக்கு சோயா மாத்திரைன்னு ஒண்ணு இருக்காமே?"

இருக்கிறது. அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபில் ஒரு டாக்டரம்மா சொன்னது, அமெரிக்காவில் இருக்கும் மகள் சொன்னது என்று ஆளுக்கொரு வழியில் இந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் கூடவே ஒன்றைச் சொல்வார்கள்: "ஹார்மோன் எல்லாம் வேண்டாம்மா. இது இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?" பில் போடும் அவசரத்தில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. இங்கே எழுதி வைத்துவிட்டால் இனி லிங்க் அனுப்பிவிடலாம் என்ற சோம்பேறித்தனமும் இந்தப் பதிவுக்கு ஒரு காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோயா மாத்திரை வேலை செய்யும். ஆனால் மெதுவாக, கொஞ்சமாக, சிலருக்கு மட்டும். சிலர் அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் சரியான அளவில், மூன்று மாதம், கணக்கு வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கு வைக்க மாட்டேன் என்றால் அந்தக் காசுக்கு நல்ல காட்டன் புடவையாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேர்வைக்கு அதுவும் உதவும்.

மெனோபாஸ் காலத்தில் வரும் சூட்டை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நெஞ்சிலிருந்து குப்பென்று கிளம்பி, கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும். படபடப்பு வரும். நெற்றியிலும் பிடரியிலும் வேர்த்துக் கொட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, ஈர ஜாக்கெட்டோடு லேசாகக் குளிரும். ராத்திரி என்றால் அதோடு தூக்கம் போச்சு. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஃபேனுக்கு நேர் கீழே பாயை இழுத்துப் போட்டுக்கொண்ட இரவுகள் எனக்கும் உண்டு.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி அதிக உணர்திறன் கொண்டதாகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வெப்ப மாற்றத்துக்கெல்லாம் இப்போது ரத்தக்குழாய்களை விரித்து, வேர்க்க வைத்து, சூட்டை வெளியேற்றச் சொல்கிறது. காய்ச்சல் இல்லை, பித்தம் இல்லை, "ஒடம்புல சூடு ஏறிப்போச்சு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதால் தீரும் விஷயமும் இல்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் மெனோபாஸ் என்று கணக்கு. மேலைநாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் வருவது நம் நாட்டில் 46, 47-லேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த 'ஸ்வான்' என்ற ஆய்வு, அடிக்கடி சூடு வரும் பெண்களுக்கு அது சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது என்று 2015-இல் சொன்னது. ஏழு வருஷம்! "கொஞ்ச நாள்ல சரியாயிடும், எங்க காலத்துல இதெல்லாம் சொல்லிக்கிட்டா இருந்தோம்" என்று மாமியார்கள் சொல்லும் அந்தக் கொஞ்ச நாள் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேர்த்தாலே மெனோபாஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் வேர்க்கும். ராத்திரி வேர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் பார்க்க வேண்டும். இவற்றைக் கண்டறியும் சோதனைகளுக்கு ஆகும் செலவு ஒரு டப்பா சோயா மாத்திரையை விடப் பெரிதாக இருக்காது. அரசு மருத்துவமனையில் செலவே இல்லை.

சரி, சோயா எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து. மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் எண்பதுகளில் ஜப்பானியப் பெண்களிடம் பேசி, வட அமெரிக்கப் பெண்களை விட அவர்கள் இந்தச் சூட்டைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறார்கள் என்று எழுதினார். ஃபின்லாந்து விஞ்ஞானி ஹெர்மன் அட்லர்க்ரூட்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், ஜப்பானியர்களின் சிறுநீரில் சோயாவிலிருந்து வரும் ஐசோஃப்ளேவோன்கள் ஏராளமாக இருப்பதைக் காட்டி, காரணம் இதுவாக இருக்கலாம் என்று 1992-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஐசோஃப்ளேவோனின் வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்தது. அதனால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் ஏற்பிகளில் இதுவும் உட்காரும், ஆனால் வீரியம் மிகக் குறைவு. அதிலும் ஆல்ஃபா வகை ஏற்பியை விட பீட்டா வகை ஏற்பியைத்தான் அதிகம் நாடும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் சோயாவை ஓரளவு பாதுகாப்பானது என்கிறார்கள்.

அதன் பிறகு 2002 ஜூலை. அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு கூடியதாகத் தெரிந்து, ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் ஒரே நாளில் ஹார்மோன் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள் என்று சொல்லும் அளவுக்குப் பீதி. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவற்றில் சோயா முக்கியமானது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்கு உட்பட்ட, மற்றபடி ஆரோக்கியமான பெண்களுக்குக் கணக்கு வேறு என்பதும் பிறகு தெளிவானது. தெளிந்த செய்தி பீதியின் வேகத்தில் பரவவில்லை; கவுண்டரில் இன்றும் கேட்பது 2002-இன் பயம்தான்.

இப்போது முக்கியமான கேள்வி: குறைகிறதா, எவ்வளவு குறைகிறது?

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2012-இல் வந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு 54 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களை விடச் சூடு வரும் தடவை சுமார் 20 சதவீதமும் அதன் கடுமை சுமார் 26 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தன. 'வெற்று மாத்திரையை விட' என்பதைக் கவனியுங்கள். மெனோபாஸ் சூடு ஒரு வினோதமான சமாச்சாரம். உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் முப்பது நாற்பது சதவீதம் குறையும். ஆக, நாளைக்குப் பத்து முறை சூடு ஏறும் ஒருவருக்கு வெற்று மாத்திரையிலேயே அது ஆறு, ஏழாகும். சோயா அதிலிருந்து இன்னும் இரண்டைக் குறைக்கும். பத்து இருந்த இடத்தில் நாலோ ஐந்தோ வந்தால் சந்தோஷம்தானே என்பீர்கள். சந்தோஷம்தான். "ஒரே வாரத்தில் சூடு போயே போச்சு" என்று விளம்பரத்தில் வரும் சந்தோஷம் அல்ல.

ஒரே வாரத்தில் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2015-இல் வந்த இன்னொரு ஆய்வுக் கட்டுரை, மாத்திரையின் முழுப் பலனில் பாதியை அடைய சோயாவுக்கு 13 வாரத்துக்கு மேல் ஆகிறது, ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு மூன்று வாரம் போதும் என்று கணக்கிட்டுச் சொன்னது. மூன்று மாதம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுதான் காரணம். என் கடையில் நடப்பது வேறு. பத்து மாத்திரை ஒரு பட்டை வாங்குவார்கள். பத்து நாள் கழித்து "ஒண்ணும் கேக்கலம்மா" என்று வேறு கம்பெனி கேட்பார்கள். அது கேட்காததற்கு மாத்திரை பொறுப்பல்ல.

எல்லா ஆய்வும் சோயாவுக்குச் சாதகம் என்று நினைக்கவும் வேண்டாம். மயாமியில் இரண்டு ஆண்டு நடந்த ஒரு ஆய்வில் தினமும் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. எலும்புத் தேய்மானம் நிற்கவில்லை. முடிவில் சூடு இருப்பதாகச் சொன்னவர்கள் சோயாக் குழுவில்தான் அதிகம். மலச்சிக்கலும் அவர்களுக்குத்தான் அதிகம். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற நினைப்பு அங்கேயே அடிபட்டுப் போகிறது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளைப் பட்டியலிட்டபோது சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் கட்சி. நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ஆபத்தில்லாத பெண்ணுக்கு ஒரு மூன்று மாதப் பரீட்சை தப்பில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கைனகாலஜிஸ்ட் "அதெல்லாம் வேஸ்ட்" என்று சொன்னால் அவர் தெரியாமல் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

ஏன் ஒருத்திக்குக் கேட்கிறது, அவள் தங்கைக்குக் கேட்கவில்லை? இதற்கு ஒரு சுவாரஸ்யமான பதில் உண்டு. சோயாவில் இருக்கும் டெய்ட்ஸீன் என்ற ஐசோஃப்ளேவோனைக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஈக்வாலுக்கு வீரியம் அதிகம். ஆனால் அந்தப் பாக்டீரியா எல்லார் வயிற்றிலும் இல்லை. ஜப்பான், கொரியா, சீனா பக்கம் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. மேலைநாடுகளில் நாலில் ஒருவர், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒருவர். பால் ஒரே பாலாக இருந்தாலும் உறை மோர் எப்படியோ அப்படித்தானே தயிர் தோயும்? அதேபோல மாத்திரை ஒன்றானாலும் வயிறு வேறு. ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஒன்று போட்டால் அந்தப் பாக்டீரியாவும் சேர்ந்து அடிபடலாம். யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க நம் ஊரில் சுலபமான வழி, சாப்பிட்டுப் பார்ப்பதுதான்.

இனி டப்பாவுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த இடம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருவர் வந்தார். இரண்டு டப்பாவை எடுத்து வைத்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நூறு மில்லிகிராம், அதுல அறுபதுதான். வெலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நூறே குடுங்க" என்றார்.

"டீச்சர், கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு பாருங்க."

"சோயா சாறு 100 மில்லிகிராம், 40 சதவீதம் ஐசோ... ஃப்ளேவோன்."

"நூறுல நாப்பது சதவீதம்னா?"

"நாப்பது." ஒரு நொடி நிறுத்தினார். "அட, அப்ப அறுபதுதான் பெருசு. கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கா?"

அவ்வளவுதான் விஷயம். டப்பாவின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது சாற்றின் எடை. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஐசோஃப்ளேவோன். சதவீதமும் போடாமல், அளவும் போடாமல் 'சோயா சத்து' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோயாவில் ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், அது கிளைகோசைடு. குடலில் சர்க்கரை கழன்ற பிறகு கிடைப்பது அக்ளைகோன். ஆய்வுகளில் சொல்லும் 50, 54 மில்லிகிராம் எல்லாம் பெரும்பாலும் அக்ளைகோன் கணக்கு. சர்க்கரையோடு சேர்த்து எடை போட்டால் அதே 50 கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். ஆகவே '80' என்று போட்ட டப்பாவும் '50' என்று போட்ட டப்பாவும் சமமாகவே இருக்கலாம். முடிந்தால் ஜெனிஸ்டீன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். 2012 அலசலில் ஜெனிஸ்டீன் 19 மில்லிகிராமுக்கு மேல் இருந்த மாத்திரைகள்தான் மற்றவற்றை விட இரண்டு மடங்கு பலன் தந்தன.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பதினான்கு இலக்கத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால் உணவுப் பொருள் சட்டத்துக்குள் வருகிறது என்று அர்த்தம்; மருந்து போலப் பரிசோதிக்கப்பட்டது என்று அர்த்தமல்ல. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதே டப்பாவில் சின்னதாக எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

கூட்டு மாத்திரைகளைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. சோயாவோடு கால்சியம், வைட்டமின் டி சேர்த்திருந்தால் பெரிய குறை இல்லை. பிளாக் கோஹோஷ் என்ற அமெரிக்க மூலிகை வேர் சேர்த்திருந்தால் யோசிக்க வேண்டும். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகப் பல நாடுகளில் புகார் பதிவாகி, எச்சரிக்கை வாசகம் போடச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் காமாலை வந்தவர்கள், கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தவர்கள் அந்தக் கூட்டைத் தவிர்ப்பது நல்லது. மூன்று மாதம் பரீட்சை பார்க்கப் போகிறோம் என்றால் ஒன்றை மட்டும் சாப்பிட்டால்தானே எது வேலை செய்தது என்று தெரியும்?

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே சேர்க்கலாமா என்று கேட்பவர்களை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். சேர்க்கலாம். அதற்குத்தான் தலைப்பில் மீல் மேக்கர். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டில் அழுத்தி உப்பவைத்து எடுத்ததுதான் அது. உலர்ந்த உருண்டை 25 கிராம், அதாவது ஒரு பெரிய கைப்பிடியில், 25 முதல் 40 மில்லிகிராம் வரை ஐசோஃப்ளேவோன் இருக்கலாம். கொதிக்கவைத்துப் பிழிந்து கொட்டும் தண்ணீரில் கொஞ்சம் போய்விடும் என்பது ஒரு வருத்தம். பிழியாவிட்டால் அந்தப் பச்சை வாடை போகாது என்பது அதைவிடப் பெரிய வருத்தம். வேகவைத்த சோயா பயறு நூறு கிராமில் அறுபது மில்லிகிராம் அளவுக்கு உண்டு. டோஃபு நூறு கிராமில் இருபது முப்பது. ரைஸ்மில்லில் கோதுமை அரைக்கக் கொடுக்கும்போது கிலோவுக்கு நூறு கிராம் சோயா சேர்த்து அரைப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று சப்பாத்தியில் பதினைந்து மில்லிகிராம் போல வரும். சோயா எண்ணெயில் ஒன்றும் இல்லை. ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றும் சோயா சாஸிலும் இல்லை, உப்புதான் இருக்கிறது. "எங்க வீட்ல சோயா ஆயில்தாங்க" என்று பெருமையாகச் சொன்னவரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

ஜப்பானியப் பெண்கள் சாதாரணமாக ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 25 முதல் 50 மில்லிகிராம். அதுவும் சின்ன வயதிலிருந்து, சோற்றோடு, மீனோடு, கடல்பாசியோடு. ஐம்பது வயதில் நாம் ஒரு கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு அவர்கள் உடம்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சோயாவை உலகத்துக்குக் காட்டிய அதே ஜப்பானில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் என்ன சொன்னது தெரியுமா? உணவும் மாத்திரையும் சேர்த்து அக்ளைகோன் கணக்கில் நாளைக்கு 70, 75 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். அதில் மாத்திரையாகக் கூடுதலாக எடுப்பது 30-க்குள் இருக்கட்டும். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல், மாதவிலக்கு நின்ற பெண்கள் 35 முதல் 150 வரை எடுத்ததில் மார்பகம், கர்ப்பப்பை, தைராய்டு எதிலும் கெடுதல் தெரியவில்லை என்றது. அவர்கள் பார்த்தது அதிகபட்சம் இரண்டரை ஆண்டு சாப்பிட்டவர்களை. ஜப்பான் பயந்தது இத்தாலியில் நடந்த ஐந்தாண்டு ஆய்வைப் பார்த்து. அதில் தினமும் 150 எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப்போனது. வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. புற்றுநோய் யாருக்கும் வரவில்லை. ஆனால் இயற்கை என்பதால் ஒன்றும் பண்ணாது என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான். நான் சொல்லும் அளவு 40, 50. அதற்கு மேல் போகத் தேவையே இல்லை. ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் சாப்பிடவும் தேவையில்லை.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நானும் உங்கள் கட்சிதான். தைராக்ஸின் குடலில் சேர்வதை சோயா தடுக்கும். இரண்டையும் ஒன்றாக முழுங்கினால் மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். ஏறும், சோர்வு, எடை, முடி உதிர்தல் எல்லாம் திரும்ப வரும், பழியெல்லாம் மெனோபாஸ் தலையில் விழும். விடியற்காலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு. சோயா, கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் குறைந்தது நாலு மணி நேரம் தள்ளி. நான் மத்தியானச் சாப்பாட்டோடு எடுத்தேன். ஆரம்பித்து ஆறு, எட்டு வாரத்தில் ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

கணக்கு வைப்பது எப்படி என்றால், சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு வாரம், சூடு ஏறும்போதெல்லாம் அந்தத் தேதியில் ஒரு கோடு. தூக்கத்திலிருந்து எழுப்பியது என்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு மாத்திரையோடு பன்னிரண்டு வாரம் அதே வேலை. என் காலண்டரில் பகல் கோடுகள் நன்றாகவே குறைந்தன. வட்டங்கள் அவ்வளவாகக் குறையவில்லை. 2016-இல் வந்த ஒரு பெரிய அலசலிலும் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் ஒரு நாளில் சூடு வரும் தடவையையும் பிறப்புறுப்பு வறட்சியையும் ஓரளவு குறைத்தன, ராத்திரி வேர்வையைக் குறைக்கவில்லை என்றுதான் இருந்தது. கோடுகள் பாதியாகக்கூட ஆகவில்லை என்றால் பன்னிரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். குறைந்திருந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் தொடர்ந்து, பிறகு நிறுத்திப் பாருங்கள். சூடு தானாகவே அடங்கியிருக்கலாம்.

யார் தொடக் கூடாது என்பதில் எனக்கு எந்த இளக்கமும் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், டமாக்ஸிஃபென் அல்லது அந்த வகை மாத்திரையில் இருப்பவர்கள், கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், தங்கள் ஆன்காலஜிஸ்ட் சொல்லாமல் சோயா மாத்திரை வாங்க வேண்டாம். சாப்பாட்டில் வரும் சோயா வேறு. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்த ஐயாயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், உணவில் சோயா அதிகம் சேர்த்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. மீல் மேக்கர் குருமாவுக்குப் பயப்பட வேண்டாம், கேப்ஸ்யூலுக்கு மட்டும் பயப்படுங்கள். சோயா அலர்ஜி இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

நாற்பது வயதுக்குள் மாதவிலக்கு நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட இளம்பெண்கள் இன்னொரு கூட்டம். நம் ஊரில் இவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. இவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காப்பாற்ற, தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரைக்குமாவது உண்மையான ஈஸ்ட்ரோஜனே தேவைப்படும். அங்கே சோயா மாத்திரை, சூட்டை லேசாகக் குறைத்து, எடுக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும். முப்பத்தேழு வயதுப் பெண் வந்து சோயா கேட்டபோது நான் விற்கவில்லை. டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்.

சோயாவுக்குக் கேட்காத சூட்டுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சையின் நன்மை பொதுவாக ஆபத்தை விட அதிகம் என்பதே இன்றைய நிலைப்பாடு. அது ஒட்டும் பட்டையாகவும் ஜெல்லாகவும் வருகிறது. ஹார்மோன் ஆகாதவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மாத்திரைகளைக் குறைந்த அளவில் எழுதுவார்கள். மனச்சோர்வு மாத்திரையை எதற்கு எழுதினார் என்று கோபித்துக்கொண்டு சீட்டைக் கிழிக்காதீர்கள்; சூட்டுக்கும் அது கேட்கும். பிறப்புறுப்பு வறட்சிதான் பெரிய தொல்லை என்றால் சோயாவை நம்பி மாதங்களை ஓட்டுவதை விட, அந்த இடத்திலேயே பூசும் க்ரீம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதைக் கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள்; டாக்டர் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், சோயா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அந்த வாரமே கைனகாலஜிஸ்டைப் பாருங்கள். ஸ்கேனில் உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். போகும்போது மாத்திரை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "சோயா ஏதோ ஒண்ணு டாக்டர், பச்சை டப்பா" என்றால் அவருக்கு அளவு தெரியாது. என் அலமாரியில் அந்தத் தட்டில் இருப்பதில் பாதி பச்சை டப்பாதான்.